நூல் பிடித்துப் பார்த்த பிரேம்

அந்தப் பெரியவர் என் சைக்கிள் பிரேமைக் கையில் வாங்கியதும் பெயிண்டைப் பார்க்கவில்லை. குழாயில் ஒட்டியிருந்த பெயரையும் பார்க்கவில்லை. முன் சக்கர அச்சு நிற்கும் இடத்திலிருந்து பின் சக்கர அச்சு நிற்கும் இடத்துக்கு ஒரு வெள்ளை நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினார். பிறகு இரும்பு அடிக்கோல் ஒன்றை எடுத்து, பெடல்களைத் தாங்கும் கிராங்க் சுழலும் பி.பி. கூட்டின் மையத்திலிருந்து நூல் வரைக்கும் அளந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு முறையும் அளந்தார்.

"எழுபத்தொன்று. இது ரோடு."

வேலைக்காக ஓசாகா வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. கிஷிவாடா தடத்தில் கெய்ரின் என்ற, ஜப்பானியர்கள் பணம் கட்டி ஆடும் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு உறக்கம் கெட்டிருந்தது. ஒன்பது பேர், ஒன்பது நிறச் சட்டைகள், பிரேக்கே இல்லாத இரும்புச் சைக்கிள்கள். கடைசிச் சுற்றுக்கு முன் மணி அடிக்கத் தொடங்கியதும் அந்த ஒன்பது பேரும் சரிவான சுவரில் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஏறி இறங்கியதைக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அந்த மாதிரி ஒரு பிரேம் வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். இணையத்தில் ஒருவர் 'அசல் டிராக் பிரேம், பழைய பந்தய வீரருடையது' என்று விற்பனைக்குப் போட்டிருந்தார். பின்பக்கம் திறந்த அச்சு வாய் இருந்தது. பிரேக் ஒயருக்கான கொக்கிகள் எதுவும் இல்லை. ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கைக் கொடுத்து வாங்கிவிட்டேன்.

பெரியவர் கடை நான் இருந்த பகுதியிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம். பல ஆண்டுகள் கெய்ரின் வீரர்களுக்குச் சக்கரம் கோத்துக் கொடுத்தவர். சக்கரம் கோக்கத்தான் அவரிடம் பிரேமைக் கொண்டுபோனேன். நூலை அவிழ்த்துச் சுருட்டி மேசை மேல் வைத்துவிட்டு அவர் சொன்னதை அன்றிரவே நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். அதன் பிறகு நான் படித்தது, அளந்தது, கேட்டது எல்லாமே அந்த ஒரு எண்ணுக்கு விளக்கம்தான்.

சைக்கிள் பந்தயத் தடம் ஒரு கிண்ணம் மாதிரி. நேர்ப்பகுதிகளில் சாய்வு குறைவாகவும் வளைவுகளில் செங்குத்தாகவும் இருக்கும். இன்றைய ஒலிம்பிக் தரத் தடம் மரப்பலகையால் ஆனது, ஒரு சுற்று 250 மீட்டர், வளைவில் 42 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும். படத்தில் பார்த்தால் இது புரியாது. கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் அது சாலை இல்லை, சுவர் என்று உடம்புக்கு உறைக்கும். கெய்ரின் தடங்கள் பெரும்பாலும் திறந்தவெளியில், 333, 400, 500 மீட்டர் சுற்றளவில் இருப்பவை. அவற்றின் வளைவு அதைவிடத் தணிவு. கிஷிவாடாவில் 30 டிகிரிக்குச் சற்று மேல்.

வேகமாகப் போகும்போது பிரச்சினை இல்லை. வளைவில் உடம்பும் சைக்கிளும் உள்பக்கம் சாய்கின்றன, தளமும் அதே அளவு சாய்ந்திருக்கிறது. தளத்துக்குச் செங்குத்தாகவே சைக்கிள் நிற்கும். 250 மீட்டர் தடத்தில் இது நடக்கும் வேகத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வளைவின் ஆரம் 23 மீட்டர், சாய்வு 42 டிகிரி என்று கொண்டால் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வருகிறது.

ஆனால் ஸ்பிரிண்ட் பந்தயத்தில் வீரர்கள் அந்த வேகத்தில் மட்டும் போவதில்லை. எதிராளியை முன்னே விடுவதற்காக நடை வேகத்தில் சுவரில் ஏறுவார்கள். சில சமயம் அப்படியே அசையாமல் நிற்பார்கள். அப்போது சைக்கிள் ஈர்ப்புவிசைக்கு நேராக நிமிர்ந்துவிடும், தளமோ சாய்ந்தபடியே இருக்கும். எல்லாத் தடங்களிலும் இடப்பக்கமாகத்தான் சுற்றுகிறார்கள் என்பதால் உயர்ந்து நிற்கும் சுவர் எப்போதும் வலப்பக்கத்தில். வலது பெடல் கீழே வரும் ஒவ்வொரு முறையும் அதற்கும் சுவருக்குமான இடைவெளி சுருங்கும். சாலைச் சைக்கிளாக இருந்தால் காலை மேலே நிறுத்திச் சமாளிக்கலாம். தடச் சைக்கிளில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே ஆக வேண்டும், கால் ஓய முடியாது. பெடல் சுவரில் உரசினால் பின் சக்கரம் தூக்கி எறியப்படும்.

ஆகவே பி.பி. கூடு உயரமாக இருக்க வேண்டும். பெரியவரின் நூல் அளந்தது இதைத்தான். அச்சுகளை இணைக்கும் கோட்டுக்குக் கீழே அந்தக் கூடு எவ்வளவு தணிந்திருக்கிறது என்ற அளவு அது. சாலைப் பிரேமில் வழக்கமாக 70 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். தடப் பிரேமில் 50 அல்லது அதற்குக் கொஞ்சம் முன்பின்.

இருபது மில்லிமீட்டர், ஒரு விரல் அகலம். இதற்கா இவ்வளவு என்று நானும் அன்று கேட்டேன். பெரியவர் பதில் சொல்லவில்லை, காகிதமும் பென்சிலும் எடுத்துக் கொடுத்தார். டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் ஆரம் 335 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். என் பிரேமில் 71 போக பி.பி. கூடு தரையிலிருந்து 264. விற்றவர் அதில் 170 நீளக் கிராங்க் மாட்டிக் கொடுத்திருந்தார், ஆக பெடல் அச்சு தரையிலிருந்து 94. தடப் பிரேமில் 50 தணிவு, கூடு 285-இல், தடத்துக்கு வழக்கமான 165 கிராங்க், பெடல் அச்சு 120-இல். வித்தியாசம் 26 மில்லிமீட்டர். பெடலின் அடிப்பாகத்துக்கு 20 கழித்து, அதன் வெளிமுனை சைக்கிளின் நடுக்கோட்டிலிருந்து 16 சென்டிமீட்டர் தள்ளியிருப்பதாகக் கொண்டால், என் பிரேம் தாங்கக்கூடிய சாய்வு 25 டிகிரி. அசல் பிரேமுக்கு 32. கிஷிவாடாவின் வளைவு 30-க்குச் சற்று மேல் என்பதை மறுபடி நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு விரல் அகலத்துக்குள் ஒரு வீரரின் கழுத்தெலும்பு இருக்கிறது.

சர்வதேசச் சைக்கிள் சம்மேளனத்தின் விதிகள் பி.பி. மையம் தரையிலிருந்து 24 முதல் 30 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. அகலமான எல்லை அது, சாலையும் தடமும் இரண்டுமே அதற்குள் அடங்கிவிடும். விதிக்கு உட்பட்டது என்பதால் மட்டும் ஒரு பிரேம் தடத்துக்கு உரியதாகிவிடாது.

இனி, அச்சு வாய். நான் ஏமாந்த இடம் இதுதான் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

தடப் பிரேமை அடையாளம் காண்பது எப்படி என்று யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, பின் சக்கர அச்சு உட்காரும் வாய் பின்பக்கமாகத் திறந்திருக்கும் என்பதுதான். உண்மை. ஆனால் எங்கள் வீட்டில் அப்பா ஓட்டிய கறுப்புச் சைக்கிளிலும் வாய் பின்பக்கம்தான் திறந்திருந்தது. செயின் தொங்கினால் கடைக்காரர் பின் சக்கர நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, செயினை விரலால் அழுத்திப் பார்த்து இறுக்குவார். மண்ணெண்ணெய் வாடையும் அந்த நட்டு இறுகும்போது எழும் கிறீச் ஒலியும் இன்னும் நினைவிருக்கிறது. குழந்தைகள் தாவிக் குதிக்கும் பி.எம்.எக்ஸ். சைக்கிளிலும் வாய் அப்படித்தான். பின்பக்க வாய் என்பது கியர் மாற்றும் பொறி இல்லாத, செயினை இழுத்து இறுக்க வேண்டிய எந்தச் சைக்கிளிலும் இருக்கலாம். ஒரே அடையாளத்தை வைத்து ஆளைத் தீர்மானித்தால் இப்படித்தான் ஆகும்.

அப்படியானால் தடப் பிரேமில் அது ஏன் தவிர்க்க முடியாதது? பழைய சாலைப் பிரேம்களில் முன்பக்கம் திறந்த நீளமான வாய் இருந்தது. அதிலும் செயினை இறுக்கலாம். இதன் விடை பெரியவர் சுவரில் மாட்டியிருந்த ஒரு பிரேமைக் கையில் கொடுத்தபோது தானாகவே தெரிந்தது. பி.பி. கூட்டிலிருந்து பின் அச்சுக்குப் போகும் இரண்டு மெல்லிய குழாய்கள், செயின்ஸ்டே என்பார்கள், தடப் பிரேமில் மிகவும் குட்டையானவை. சாலைப் பிரேமில் 405 முதல் 415 மில்லிமீட்டர் என்றால் இதில் 380-ஐ ஒட்டி. பின் டயர் சீட் குழாயைத் தொட்டும் தொடாமலும் நிற்கும், நடுவில் நாலு மடிப்புக் காகிதம் செருகலாம், அவ்வளவுதான். முன்பக்க வாயாக இருந்தால் சக்கரத்தைக் கழற்ற முன்னால் தள்ள வேண்டும். முன்னால் தள்ள இடமே இல்லை. எனவே பின்னால்தான் வழி. குட்டையான செயின்ஸ்டேதான் வாயின் திசையைத் தீர்மானிக்கிறது. இன்னொன்றும் உண்டு. நின்ற இடத்திலிருந்து வீரர் முழு உடம்பையும் போட்டு மிதிக்கும்போது செயின் அச்சை முன்னால் இழுக்கிறது. நட்டு நழுவினாலும் பின்பக்க வாயில் அச்சு உள்ளேதான் போகும், வெளியே வந்துவிடாது.

என் பிரேமைத் திருப்பிப் பார்த்தோம். டயருக்கும் சீட் குழாய்க்கும் நடுவில் என் கட்டை விரல் தாராளமாக நுழைந்தது. வாய்ப்பகுதியைச் சுற்றிப் பெயிண்ட் கொஞ்சம் தடித்திருந்தது. பெரியவர் நகத்தால் சுரண்டியதும் பித்தளைக் கோடு தெரிந்தது. பழைய சாலைப் பிரேமின் வாயை வெட்டி எடுத்துவிட்டுத் தட வாயைப் பற்றவைத்திருக்கிறார்கள். ஒயர்க் கொக்கிகளை அரத்தால் ராவி எடுத்த தழும்பும் குழாயின் அடிப்பக்கம் இருந்தது. கைவேலை மோசமில்லை என்று பெரியவர் மதிப்பாகவே சொன்னார். பொய் சொல்வதற்காக நல்ல கைவேலையைச் செலவழித்தவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை.

மற்ற அடையாளங்களை வேகமாகக் கடந்துவிடலாம். பின் அச்சு உட்காரும் இரண்டு வாய்களுக்கும் இடையே 120 மில்லிமீட்டர் இருக்கும். கியர்ச் சக்கரங்களை அடுக்க வேண்டிய சாலைப் பிரேமில் 126, 130 என்று போகும். முன் ஃபோர்க்கின் தலையில் பிரேக் போல்ட்டுக்குத் துளை இருக்காது. தண்ணீர்ப் புட்டி மாட்டவோ மட்கார்டு மாட்டவோ மரை இருக்காது. பழைய இரும்பு ஃபோர்க்குகளில் கால்கள் உருண்டைக் குழாயாக இருக்கும், சாலை ஃபோர்க்கில் முட்டை வடிவம். உருண்டைக் குழாய் பக்கவாட்டில் குறைவாக வளையும், சாலையின் குண்டு குழிகளை விழுங்கும் மென்மை அதற்கு இல்லை. தடத்தில் குழியே கிடையாது, எனவே அந்த மென்மைக்கு வேலையும் இல்லை. கோணங்கள் செங்குத்தானவை, சீட் குழாயும் தலைக் குழாயும் 75 டிகிரியை ஒட்டி இருக்கும். முன் சக்கரம் உள்ளே ஒடுங்கி வந்துவிடுவதால் மெதுவாகத் திரும்பும்போது கால் நுனி டயரில் இடிக்கும். தெருவில் இது ஆபத்து. தடத்தில் ஹேண்டில்பார் அந்த அளவுக்குத் திரும்புவதே இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் பெரியவரிடம் முத்திரை பற்றிக் கேட்டேன். கெய்ரின் பிரேம் என்றால் பி.பி. கூட்டின் அடியில் என்.ஜே.எஸ். என்ற மூன்று எழுத்து குத்தப்பட்டிருக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கிறார்களே, அதைப் பார்த்தால் போதாதா?

அந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1948-இல், போரில் நொறுங்கிக் கிடந்த நகரங்களை மீண்டும் கட்டப் பணம் தேவைப்பட்ட நேரத்தில், அதற்கென்று ஒரு சட்டம் இயற்றி ஜப்பானியர்கள் சைக்கிள் பந்தயத்தில் பணம் கட்டி ஆட அனுமதித்தார்கள். முதல் பந்தயம் அந்த ஆண்டு நவம்பரில் கியூஷு தீவின் கொகுரா நகரில் நடந்தது. மக்கள் தங்கள் காசைக் கட்டுகிறார்கள் என்றால் ஒருவர் சைக்கிளின் வலிமையால் வென்றார், இன்னொருவர் செயின் அறுந்து தோற்றார் என்ற பேச்சுக்கே இடம் இருக்கக்கூடாது. எனவே பிரேம் செய்பவரிலிருந்து செயின், பெடல், ரிம், ஹேண்டில்பார் வரை எல்லாவற்றுக்கும் தரநிர்ணயமும் அனுமதி முத்திரையும் வந்தன. இன்றும் வீரர்கள் பந்தயத்துக்கு முந்தைய நாளே தடத்துக்கு வந்து சைக்கிளைப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். கைபேசியை ஒப்படைத்துவிட்டு, பந்தயங்கள் முடியும்வரை வெளியாரோடு பேசாமல் விடுதியில் தங்க வேண்டும். இவ்வளவு கட்டுக்காவலின் ஒரு சின்னத் துளிதான் அந்த மூன்று எழுத்து.

ஓசாகாக்காரனாகச் சில ஆண்டுகள் வாழ்ந்ததால் நான் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பெயர் யோஷியாகி நகாசாவா. இந்தப் பக்கத்துக் காஷிவாராவில் பட்டறை வைத்தவர். 1970-களில் இத்தாலிக்குப் போய் சாந்தே பொலியாகி, ஊகோ தெ ரோசா என்ற இரண்டு பெரும் கைவினைஞர்களிடம் வேலை கற்றுத் திரும்பினார். கெய்ரின் வீரர் கோய்ச்சி நகானோ 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை தொழில்முறை ஸ்பிரிண்ட் உலகப் பட்டம் வென்றபோது அவருடைய பெயரோடு சேர்ந்து நகாசாவாவின் பெயரும் உலகம் சுற்றியது. வீரர் ஒருவரின் தொடை நீளம், கை நீளம், அவர் முன்னால் போய் இழுப்பவரா, பின்னால் பதுங்கி வந்து பாய்பவரா என்பதையெல்லாம் கேட்டுக்கொண்டு குழாயை வெட்டும் வேலை அது. இத்தாலியிலும் இந்த நெருக்கம் இருந்தது. மிலான் நகரின் விகொரெல்லி மரத்தடத்தின் பார்வையாளர் வரிசைகளுக்கு அடியிலேயே ஃபலியேரோ மாசி பட்டறை வைத்திருந்தார். தலைக்கு மேல் சக்கரங்கள் உறுமும்போது கீழே பிரேம் பற்றவைப்பது எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஆனாலும் முத்திரையே உரைகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது இரும்புச் சைக்கிளின் முத்திரை, ஒரு நாட்டின் ஒரு பந்தயத்துக்கான அனுமதி. 2012-இல் மீண்டும் தொடங்கிய பெண்கள் கெய்ரினில் கார்பன் பிரேம்களைத்தான் ஓட்டுகிறார்கள். 2000-இல் சிட்னியில் கெய்ரின் ஒலிம்பிக்குக்குப் போனது, அங்கே ஓடும் சைக்கிள்களில் இந்த முத்திரை எதுவும் கிடையாது. அவையெல்லாம் அசல் தடப் பிரேம்கள் இல்லையா? முத்திரை குத்திய பிரேம் நிச்சயமாகத் தடப் பிரேம் என்பது சரி. முத்திரை இல்லாதது தடப் பிரேம் இல்லை என்பது தவறு. பழைய பொருள் வாங்குவோர் நடுவே இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. முத்திரை குத்திய ஒரு பிரேம் வெடிப்பு விட்டிருந்தாலும் நல்ல விலைக்குப் போகிறது, முத்திரையில்லாத அருமையான பிரேம் மூலையில் தூங்குகிறது.

இன்னும் குழப்பமான ஒரு கதை இங்கிலாந்தில் இருக்கிறது. தெற்கு லண்டனில் ஹெர்ன் ஹில் என்ற தடம் 1891 முதல் இருக்கிறது. கொகுராவில் கெய்ரின் தொடங்கிய அதே 1948-இல், சில மாதங்கள் முன்பு, ஒலிம்பிக் தடப் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. சுற்று ஏறத்தாழ 450 மீட்டர், வளைவின் சாய்வு மிகச் செங்குத்தான இடத்திலேயே 18 டிகிரியை ஒட்டித்தான். அந்தக் காலத்து ஆங்கிலேய மன்ற வீரர்கள் பலரிடம் கார் கிடையாது. பந்தயச் சைக்கிளிலேயே தடத்துக்குப் போவார்கள். முன் அச்சின் இரு பக்கமும் பொருத்திய தாங்கியில் மெல்லிய பந்தயச் சக்கரங்களை மாட்டிக்கொண்டு, ஒற்றை முன் பிரேக்கோடு சாலையில் மிதித்துப் போய், அங்கே சக்கரம் மாற்றி, பிரேக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் பந்தயத்தில் இறங்குவார்கள். மாலையில் அதே சைக்கிளில் வீடு திரும்புவார்கள்.

அந்தப் பிரேம்களின் ஃபோர்க்கில் பிரேக் துளை இருக்கிறது. சிலவற்றில் மட்கார்டு மாட்டும் காதுகூட இருக்கிறது. நான் மேலே சொன்ன பட்டியலை வைத்துச் சோதித்தால் அவை தேர்வில் தோற்றுப்போகும். ஆனால் பந்தயத்தில் ஓடவே செய்யப்பட்டவை, ஓடி வென்றவை. அவற்றைப் போலி என்று சொல்ல எனக்கு நா எழாது. 18 டிகிரிச் சாய்வில் 25 டிகிரி தாங்கும் பிரேம் தாராளமாகப் போதும். துளை இருப்பதற்குக் காரணம் ஏழ்மையும் ஆசையும் கலந்த ஒரு வாழ்க்கை. ஆகவே ஒரு பிரேமை என்னிடம் காட்டி அசலா என்று கேட்பவர்களிடம் நான் இப்போது எதிர்க்கேள்வி கேட்கிறேன்: எந்தத் தடத்துக்கு? பதில் சொல்லக்கூடிய பிரேம் அசல். என் பிரேம் எந்தத் தடத்துக்கும் பதில் சொல்லவில்லை. அது நல்ல சாலைப் பிரேமாகப் பிறந்தது, பிறந்த சாதியை மறைத்து விற்கப்பட்டது.

தெருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானியர்கள் இந்தச் சைக்கிளைப் 'பிஸ்டோ' என்பார்கள், தடத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் இளைஞர்கள் பழைய கெய்ரின் பிரேம்களை வாங்கிப் பிரேக் இல்லாமல் தெருவில் ஓட்டும் மோகம் பரவியது. சாலையில் ஓடும் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் பிரேக் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். 2011-ஐ ஒட்டிப் போலீஸ் கடுமையாகப் பிடிக்கத் தொடங்கியது. சட்டம் சரியானது என்பதுதான் என் எண்ணம். சந்து முனையில் குழந்தை ஓடி வரும்போது தொடை பலத்தால் மட்டும் நிறுத்த முடியாது. அதற்காகச் சிலர் கெய்ரின் ஃபோர்க்கில் துளை போட்டு பிரேக் மாட்டுகிறார்கள். துளைக்கு இடமளிக்காமல் வார்க்கப்பட்ட தலை அது. ஒரு முறை துளைத்துவிட்டால் திரும்பாது. தயவுசெய்து செய்யாதீர்கள். தெருவில் ஓட்டத்தான் வேண்டும் என்றால் துளையுள்ள வேறு ஃபோர்க்கை மாட்டிக்கொண்டு, பழையதைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள். பின் பிரேக்குக்குத் துளை போடாமல் குழாயைப் பிடித்துக்கொள்ளும் பிடிகள் இருக்கின்றன. அதைவிட நல்லது, தெருவுக்கென்று செய்த சைக்கிளைத் தெருவில் ஓட்டுவது.

ஏமாந்த பிரேமுக்குப் பெரியவர் சக்கரம் கோத்துக் கொடுத்தார். முன்னும் பின்னும் பிரேக் மாட்டி, பின்னால் ஃப்ரீவீல் போட்டு, இரண்டு ஆண்டுகள் அதில்தான் வேலைக்குப் போனேன். அருமையாக ஓடியது.

அதன் பிறகு ஒரு மார்ச் மாதம் அவர் தொலைபேசியில் அழைத்தார். ஓய்வு பெற்ற வீரர் ஒருவரின் பிரேம் வந்திருக்கிறது, அளவு உங்களுக்குப் பொருந்தும் என்றார். கருநீலம், பல இடங்களில் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. இந்த முறை நூலை என் கையில் கொடுத்தார். முன் அச்சு, பின் அச்சு, இழுத்துக் கட்டினேன். அடிக்கோலை வைத்துப் பார்த்தேன். ஐம்பது. டயருக்கும் சீட் குழாய்க்கும் இடையில் என் விரல் நுழையவில்லை. அடியில் மூன்று எழுத்தும் இருந்தது, அதைக் கடைசியாகத்தான் பார்த்தேன்.

பொதுமக்களைத் தடத்தில் ஓட்ட அனுமதிக்கும் நாள் ஒன்றுக்குப் பெயர் கொடுத்தேன். முந்தைய இரவு அறையில் உட்கார்ந்து சக்கரத்தை மாட்டினேன். செயினைக் கோத்துவிட்டுச் சக்கரத்தைப் பின்னால் இழுத்தபோதுதான் அச்சு வாயின் வெளிப்புறத்தை விளக்கில் சரியாகப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இரும்பில் ஒரே இடத்தில் வட்டமான பற்கடி மாதிரி தழும்பு. நட்டின் அடிவளையம் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கடித்த இடம். வாய் நீளமாக இருந்தும் அந்த வீரர் சக்கரத்தை நிறுத்திய இடம் மட்டும் மாறவே இல்லை. அதற்கு முன்னும் பின்னும் பெயிண்ட் அப்படியே இருந்தது.

என் செயினில் ஒரு இணைக் கண்ணி கூடுதலாக இருந்ததால் அச்சு அந்தத் தழும்புக்கு ஒரு சென்டிமீட்டர் பின்னால் நின்றது. பின்சக்கரப் பல்வட்டையை ஒரு பல் சிறியதாக மாற்றி, செயினை ஒரு இணைக் கண்ணி குறைத்து, மறுபடி இழுத்தேன். அச்சு தழும்பின் நடுவில் போய் உட்கார்ந்தது. நட்டை இறுக்கினேன்.